பத்து நாள் தியானம் முடித்து வந்ததிலிருந்து வாயைத் திறந்தாலே சண்டை. எப்படித்தான் பேசுவது?

மூன்றாம்_மாடி (கேள்வி)

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று மாதம் முன்னால் பத்து நாள் விபாசனா வகுப்புக்குப் போய்வந்தேன், பேசாமல் உட்கார்ந்து உடம்பில் வரும் உணர்ச்சிகளைக் கவனிக்கும் பௌத்தத் தியானம். காலை நாலு மணிக்கு மணி அடிப்பது, செல்போனை முதல் நாளே வாங்கி வைத்துக்கொள்வது, சாயங்காலம் ஐந்து மணிக்குக் கிடைக்கும் பழமும் டீயும்தான் ராச்சாப்பாடு என்பது எல்லாம் போனவர்களுக்குத் தெரியும். நாலாவது நாளுக்கு மேல் தினமும் மூன்று தடவை ஒரு மணி நேரம் கை கால் அசைக்காமல் உட்கார வேண்டும். ஏழாவது நாள் மதியம் அப்படி உட்கார்ந்திருந்தபோது, அதுவரை ஆணி அடித்த மாதிரி இருந்த இடது முட்டி வலி ஒரு நிமிஷத்தில் வேறு ஏதோ ஆகிவிட்டது. வலி போகவில்லை. அது அங்கேயே இருந்தது, ஆனால் எனக்கு வலிக்கவில்லை. எழுதும்போது எனக்கே அபத்தமாகத்தான் இருக்கிறது. கண்ணில் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது, மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை.

பிரச்சினை அதில் இல்லை, வீட்டுக்கு வந்தபிறகு.

முதல் இரண்டு நாள் மனைவி உட்கார்ந்து கேட்டாள். மூன்றாவது நாள் கேஸ் சிலிண்டர் வரவில்லை என்று போனில் கத்திக்கொண்டிருந்தவளிடம், "கோபம் வருதுல்ல, அதை அப்படியே கவனிச்சுப் பாரு" என்றேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தார். மனைவியின் அண்ணன், பதினோரு வருஷமாகப் பௌர்ணமி தவறாமல் திருவண்ணாமலை கிரிவலம் போகிறவர். இட்லி சாப்பிட்டுக்கொண்டே நான் நடந்ததைச் சொன்னேன். அவர் லேசாகச் சிரித்துவிட்டு, "சரி மாப்ள, வலிக்கலைன்னு பார்த்துக்கிட்டிருந்தது யாரு? அதைக் கேட்டீங்களா?" என்றார். எனக்கு சுருக்கென்றது. "உங்க பதினோரு வருஷத்துல ஒரு மணி நேரம் அசையாம உக்காந்திருக்கீங்களா மச்சான்?" என்று கேட்டுவிட்டேன். மாமியார் முன்னால். அவர் கையைக் கழுவிக்கொண்டு கிளம்பிவிட்டார், இரண்டு மாதமாக வரவில்லை.

"எனக்கு" என்பதே கழன்றுவிட்டதாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் இப்படிப் பேசினேன் என்பது எனக்கும் புரியாமல் இல்லை. நான் கேட்பது இதுதான். இந்த மாதிரி விஷயத்தை யாரிடமும் சொல்லவே கூடாதா? சொன்னால், உபதேசம் ஆகாமல் எப்படிச் சொல்வது? இன்னொருவர் வேறு மாதிரி சொல்லும்போது, பொய்யாகத் தலையாட்டாமலும் மல்லுக்கு நிற்காமலும் எப்படிக் கேட்பது?

---

ஈரத்துண்டு

இந்த வகுப்புகளில் மாணவனாகவும், சமையல்கட்டில் சேவைக்கும் பல தடவை போயிருக்கிறேன். உங்கள் கதை எனக்குப் புதிதில்லை. பத்தாவது நாள் காலையில் மௌனம் முடிந்தபின் சாப்பாட்டுக்கூடத்துப் பக்கம் நின்று கேட்டுப் பாருங்கள். ஒன்பது நாள் வாய் திறக்காதவர்கள் பத்து நிமிஷத்தில் "உங்களுக்கு உடம்பு கரைஞ்சுதா? எனக்கு நாலாம் நாளே கரைஞ்சுது" என்று ஆரம்பித்துவிடுவார்கள். கரையாதவர் பாவம், பாத்திரம் கழுவும் இடத்தில் போய் நிற்பார். என்ன உணர்ச்சி வந்தது என்பதை வைத்து முன்னேற்றத்தை அளக்காதே என்று பத்து நாளும் சொல்லியிருப்பார்கள், அது ஒருவர் காதிலும் ஏறியிருக்காது.

தேரவாதம் என்ற பழைய பௌத்தப் பிரிவின் பிக்குகளுக்கான விதிகள் 227. அதில் நாலாவது விதி, தன்னிடம் இல்லாத மேலான ஞானநிலையை இருப்பதாகச் சொல்லும் பிக்கு சங்கத்தை விட்டே வெளியே. கொலைக்கு என்ன தண்டனையோ அதே தண்டனை. சரி, அது பொய்க்கு. ஆனால் இன்னொரு விதியும் இருக்கிறது. உண்மையாகவே அந்த நிலையை அடைந்திருந்தாலும், துறவு பூணாத ஒருவரிடம் அதைச் சொல்வது குற்றம். சின்னக் குற்றம்தான், ஆனாலும் குற்றம்.

இந்த விதி ஏன் வந்தது என்பதற்கு, பிக்குகளின் விதிகளைச் சொல்லும் விநய நூலில் கதை உண்டு. வஜ்ஜி நாட்டில் பஞ்சம், பிச்சை கிடைப்பது கஷ்டம். வக்குமுதா ஆற்றங்கரையில் மழைக்காலம் தங்கிய பிக்குகள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஊர்க்காரர்களிடம் ஒருவரைப் பற்றி ஒருவர், "இவர் இன்ன தியானம் அடைந்தவர், அவர் அரகந்தர்" என்று சொல்லிவிடுவது (அரகந்தர் என்றால் முழு விடுதலை அடைந்தவர்). மக்கள் தங்கள் பிள்ளைகுட்டிக்கே இல்லாததைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். மழைக்காலம் முடிந்து எல்லோரும் புத்தரைப் பார்க்கப் போனபோது மற்ற பிக்குகள் எலும்பும் தோலுமாக வர, இவர்கள் மட்டும் கொழுகொழுவென்று வந்து நின்றார்கள். வயிற்றுக்காகவா இதைச் செய்தீர்கள் என்றுதான் புத்தர் கண்டித்தார்.

நமக்குச் சோறு கிடைக்கிறது. நாம் வேறு பிச்சைக்கு அலைகிறோம், மச்சான் வாயிலிருந்து ஒரு "அடேயப்பா" வராதா என்று.

இன்னொன்று, இது உங்களுக்கு ஆறுதலாக இருக்கும். அடைந்துவிட்டோம் என்று நல்ல மனதோடு தப்பாக நம்பிச் சொன்ன பிக்குகளுக்கு நாலாவது விதியில் விலக்கு இருக்கிறது. அப்படி நினைத்தவர்கள் பிறகு மனதில் ஆசை கிளம்புவதைப் பார்த்துத் திடுக்கிட்டு வந்து ஒப்புக்கொண்டார்கள், குற்றமில்லை என்று சொல்லப்பட்டது. ஆகவே இட்லி முன்னால் கிளம்பிய கோபத்தைப் பார்த்துத் திடுக்கிட்ட முதல் ஆள் நீங்கள் இல்லை.

என் யோசனை: ஆறு மாதம் யாரிடமும் பேசாதீர்கள். சந்தேகம் இருந்தால் வகுப்பில் மதியம் ஆசிரியரிடம் தனியாகக் கேட்டது போல அனுபவமுள்ள ஒருவரிடம் கேளுங்கள், அதோடு சரி.

---

இட்லிப்பானை

நான் அந்தக் கரண்டியை வைத்தவள் கட்சி.

என் வீட்டுக்காரரும் போய்வந்தார், வேறு ஒரு இடம், வேறு ஒரு குரு. திரும்பி வந்ததிலிருந்து நான் ஏதாவது சொல்ல ஆரம்பித்தால் கண்ணை மூடி மூச்சை இழுத்து விடுவார். பையனுக்கு ஸ்கூல் பீஸ் கட்ட இன்றுதான் கடைசி நாள் என்கிறேன், இவர் மூச்சை இழுக்கிறார். சண்டை போட்டால்கூடப் பரவாயில்லை, ஒரு மனுஷன் எதிரில் இருக்கிறான் என்று தெரியும். இவர் என்னைப் பார்த்து முறுவலித்தார் பாருங்கள், அந்த முறுவலுக்கு விவாகரத்து கேட்டிருக்கலாம்.

அது எப்போது மாறியது தெரியுமா? ஒரு ராத்திரி பன்னிரண்டு மணிக்கு, "எனக்கு அங்க அஞ்சாவது நாள் ரொம்ப பயமா இருந்துச்சு, ஓடி வந்துரலாம்னு பையெல்லாம் கட்டிட்டேன்" என்றார். எட்டு மாதம் கழித்து. அதுவரை எனக்குக் கிடைத்தது எல்லாம் முடிவுரை. அன்றைக்குத்தான் நடந்தது கிடைத்தது. நான் அப்புறம் விடிய விடியக் கேட்டேன்.

உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்குத் தோன்றியது ஒன்றுதான். வலி இருந்தது, ஆனால் எனக்கு வலிக்கவில்லை என்கிறீர்கள். உங்களுக்குப் பிள்ளைகள் உண்டா என்று தெரியாது. இருந்தால், உங்கள் மனைவியிடம் பிரசவத்தன்று எப்படி இருந்தது என்று ஒரு தடவையாவது கேட்டிருக்கிறீர்களா? வலியைப் பற்றிக் கண்டுபிடித்ததை வலியில் உங்களைவிட சீனியர் ஒருத்தியிடம் போய்ச் சொல்கிறீர்கள், அவள் தரப்பில் என்ன இருக்கிறது என்றே கேட்காமல்.

---

கருப்பட்டிக்காபி

ஈரத்துண்டு சொன்ன கதை நன்றாக இருந்தது, ஆனால் முடிவை ஒத்துக்கொள்ள மாட்டேன். அது பிக்குகளுக்கான சட்டம். ஊர்ச்சோற்றில் வாழ்கிறவர்களுக்கு அது வேண்டும். மாதச் சம்பளக்காரனுக்கு எதற்கு?

"கண்டவர் விண்டிலர், விண்டவர் கண்டிலர்" என்று ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு நம் ஊரில் எத்தனை பேர் கம்பீரமாக உட்கார்ந்திருக்கிறார்கள் தெரியுமா? வாயைத் திறக்காத வரைக்கும் அவர்கள் கண்டவர்கள். அவர்களை யாரும் எதுவும் கேட்க முடியாது. பேசாமல் இருப்பதிலும் ஒரு கர்வம் உண்டு, அது பேசுகிற கர்வத்தைவிட அழுத்தமானது, ஏனென்றால் அதைக் குட்டுவதற்கு ஒரு மச்சானும் கிடைக்க மாட்டார். நீங்கள் வாயைத் திறந்தீர்கள், அடி வாங்கினீர்கள், அதனால்தான் உங்களுக்குள் அந்தக் கர்வம் இன்னும் உயிரோடு இருப்பது தெரிந்தது. ஆறு மாதம் மூடி வைத்திருந்தால் ஊறுகாய் ஆகியிருக்கும்.

எனக்கு இந்த விஷயத்தில் வள்ளலாரைப் பிடிக்கும். 1873இல் மேட்டுக்குப்பத்தில் கொடி ஏற்றிவிட்டு ஜனங்கள் முன்னால் பேசுகிறார். ஆயிரக்கணக்கில் பாட்டுப் பாடியவர், வடலூரில் சபை கட்டியவர். அவர் என்ன சொல்கிறார்? நான் முன்னால் சைவத்தில் வைத்திருந்த பற்று இவ்வளவு அவ்வளவு இல்லை, இப்போது அது எங்கே போயிற்று பாருங்கள் என்கிறார். ஏன் அப்படி வைத்திருந்தேன் என்றால் அப்போது எனக்கு அவ்வளவு கொஞ்சமான அறிவுதான் இருந்தது என்று வெளிப்படையாகச் சொல்கிறார். தன் பழைய பாட்டுகளையே அதற்குச் சாட்சியாகக் காட்டுகிறார். ஐம்பது வயதில், தன்னைக் கும்பிட வந்த கூட்டத்தின் முன்னால். நம்மில் ஒருவர் போன வருஷம் வாட்ஸ்அப்பில் போட்டதைத் தப்பு என்று சொல்லிப் பார்க்கட்டுமே.

ஆகவே பேசுங்கள். ஆனால் தேதி போட்டுப் பேசுங்கள். "இன்றைக்கு எனக்கு இப்படிப் படுகிறது, அடுத்த வருஷம் என்ன சொல்வேனோ தெரியாது" என்று. இது பணிவுக்காகச் சொல்கிற வார்த்தை இல்லை, நிலவரமே அதுதான்.

(சம்பந்தமில்லாத ஒன்று: தியானம் முடித்து வந்து தூக்கம் வராமலோ படபடப்போ இருந்தால் அதை ஞானம் என்று நினைத்துக்கொண்டு சும்மா இருக்காதீர்கள், டாக்டரைப் பாருங்கள். உங்கள் பதிவில் அப்படி எதுவும் இல்லை, படிக்கிற வேறு யாருக்காவது ஆகும்.)

---

சாக்பீஸ்_வாத்தியார்

முப்பது வருஷம் தமிழ் நடத்தியவன், அதனால் பாட்டைக் காட்டாமல் போக முடியாது.

மூன்றாம்_மாடி, நீங்கள் இட்லி முன்னால் செய்ததைப் பதினெட்டாம் நூற்றாண்டில் திருச்சிக்காரர் ஒருவர் செய்து, அதைப் பாட்டாகவும் எழுதி வைத்துவிட்டார். தாயுமானவர். "கல்லாத பேர்களே நல்லவர்கள் நல்லவர்கள்" என்று ஆரம்பிக்கும். பலரும் அந்த முதல் அடியோடு நின்றுவிடுவார்கள், ஏதோ படிக்காதவர்களைப் புகழ்கிறார் என்று. பின்னால்தான் விஷயம். யாராவது நல்லவர் வந்து ஞானம் உயர்ந்தது என்று சொன்னால் நான் கர்மம்தான் முக்கியம் என்று நிலைநாட்டுவேனாம். இன்னொருவன் கர்மம் என்றால் உடனே ஞானம்தான் முக்கியம் என்பேனாம். வடமொழி வல்லவன் வந்தால் அதெல்லாம் தமிழிலேயே இருக்கிறது என்று விவகாரம் பண்ணுவேன், தமிழறிஞர் வந்தால் வடமொழி வசனம் நாலு எடுத்து விடுவேன். எவரையும் வெல்லாமல் மருட்டிவிடுகிற இந்த வித்தை எனக்கு முத்தி தருமோ என்று கேட்டு முடிக்கிறார்.

"வெல்லாமல் எவரையும் மருட்டிவிட" என்பதைக் கவனியுங்கள். வெல்வதுகூட இல்லை. வென்றால் விஷயம் முடிந்துவிடும். எதிராளி அசந்துபோனால் போதும். உங்கள் மச்சான் "யார் பார்த்தது" என்றார், நீங்கள் "ஒரு மணி நேரம் உட்கார்ந்தீர்களா" என்றீர்கள். அவருக்கும் பதில் கிடைக்கவில்லை, உங்களுக்கும் கிடைக்கவில்லை, இரண்டு பேரும் மருண்டதுதான் மிச்சம்.

இதில் எனக்குப் பிடித்தது, அவர் இதை மற்றவர்களைப் பற்றிப் பாடவில்லை. நான் இப்படிச் செய்வேன், நான் அப்படிச் சொல்வேன் என்று தன்னையே முச்சந்தியில் நிறுத்துகிறார். வகுப்பில் இதை நடத்தும்போது பையன்கள் சிரிப்பார்கள். என் சக ஆசிரியர்கள் முன்னால் சொன்னபோது ஒருவரும் சிரிக்கவில்லை.

---

கிரிவலப்பாதை

மச்சான் பக்கத்திலிருந்து ஒரு குரல். நானும் அந்தப் பதினாலு கிலோமீட்டர் கோஷ்டிதான்.

ரமணரைப் படிக்கிற எங்கள் ஆட்களிடம் ஒரு வியாதி உண்டு, அதை முதலில் ஒத்துக்கொள்கிறேன். யார் என்ன சொன்னாலும் "யாருக்கு?" என்று கேட்டுவிடுவது. தலைவலி என்றால் யாருக்குத் தலைவலி. பஸ் போய்விட்டது என்றால் யாருக்குப் பஸ் போயிற்று. என் மகள் இதற்காகவே என்னிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள்.

அந்தக் கேள்வி எப்படிப் பிறந்தது என்று பாருங்கள். 1902 வாக்கில் சிவப்பிரகாசம் பிள்ளை என்று தென்னார்க்காடு கலெக்டர் ஆபீஸ் உத்தியோகஸ்தர் ஒருவர் மலையில் ரமணரைத் தேடிப்போய் நான் யார் என்று கேட்கிறார். ரமணர் அப்போது பேசுவதில்லை, பதிலை எழுதிக் காட்டுகிறார். தேடி வந்து கேட்டவருக்குக் கொடுத்தது அது. இட்லி சாப்பிடுகிறவர் மேல் எறிவதற்கு இல்லை. மச்சான் உண்மையாகவே கேட்டாரா குட்டினாரா என்பது அந்தச் சிரிப்பைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், உங்கள் மாமியாரைக் கேளுங்கள்.

ரமணருக்கே மதுரை வீட்டில் அந்த மரண அனுபவம் வந்தது 1896 ஜூலையில், பதினாறு வயது. ஆகஸ்ட் 29 வரைக்கும் அதே வீட்டில்தான் இருந்தார். அண்ணனிடம் உட்கார்ந்து விளக்கவில்லை, அண்ணன் கிண்டல்தான் பண்ணிக்கொண்டிருந்தார். கிளம்பும்போது எழுதி வைத்த சீட்டு "நான்" என்று ஆரம்பிக்கிறது, நடுவில் அது "இது" என்று மாறிவிடுகிறது, கடைசியில் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு. அண்ணனின் காலேஜ் சம்பளத்துக்குக் கொடுத்த ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு மீதி இரண்டு ரூபாயை அதோடு வைத்துவிட்டுப் போனார். சில்லறைக் கணக்கு உட்பட எல்லாம் சீட்டில் இருக்கிறது, ஞான விளக்கம் மட்டும் இல்லை. தனக்கு வந்ததற்குப் புத்தகங்களில் பேர் இருக்கிறது என்பதே அவருக்குப் பிற்பாடு, ரிபு கீதை மாதிரி நூல்களை மற்றவர்கள் படிக்கக் கேட்டபோதுதான் தெரிந்தது.

நமக்குப் பேர் முதலில் வந்துவிடுகிறது, அதுதான் தொந்தரவு.

---

லெஸ்டர்_மழை

இங்கே இங்கிலாந்தில் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் கூட்டத்துக்கு நண்பர் ஒருவர் கூட்டிப்போனார். பாதிரியார் இல்லை, பாட்டு இல்லை, ஒரு மணி நேரம் எல்லோரும் சும்மா வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள். யாருக்காவது சொல்லத் தோன்றினால் எழுந்து சொல்லிவிட்டு உட்காரலாம். ஒரு கிழவி எழுந்து செத்துப்போன நாயைப் பற்றி நாலு வாக்கியம் சொன்னார். யாரும் பதில் சொல்லவில்லை, "எனக்கும் இப்படித்தான்" என்றுகூட யாரும் ஆரம்பிக்கவில்லை. சொன்னது அப்படியே கொஞ்ச நேரம் நடுவில் கிடந்தது. நம் ஆட்கள் நடுவே ஒரு நிமிஷம் அப்படிக் கிடக்குமா என்று நினைத்துச் சிரிப்பு வந்தது.

அவர்களிடம் இன்னொரு பழக்கம். ஒருவர் ஒரு விஷயத்தில் திணறினால் ஐந்தாறு பேர் அவரோடு உட்காருவார்கள், ஆனால் யோசனை சொல்லக் கூடாது, கேள்வி மட்டும். அதுவும் கேட்கிறவருக்கே பதில் தெரியாத கேள்வியாக இருக்க வேண்டும். வீட்டில் முயன்று பார்த்தேன், இரண்டு நிமிஷம் தாக்குப்பிடித்தேன்.

---

மூன்றாம்_மாடி

எல்லோருக்கும் நன்றி. ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன்.

இட்லிப்பானை அக்கா சொன்னதைக் கேட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். பெரியவன் பிறந்த அன்று எப்படி இருந்தது என்றேன். "இப்ப எதுக்கு?" என்றாள். சும்மா என்றேன். கொஞ்ச நேரம் மடித்துக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னாள்: "ஜன்னல்ல ஒரு காக்கா உக்காந்திருந்துச்சு, அதையே பார்த்துக்கிட்டிருந்தேன். பக்கத்துல யாரோ கத்துறாங்க, பாவம்னு நினைச்சேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, கத்துனது நான்."

பதினாலு வருஷம். ஏன் சொல்லவே இல்லை என்றேன். யார் கேட்டா என்றாள்.

மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், அதைக் கேட்ட அந்த நொடியே எனக்குள் "ஆனால் இது வேறு, நான் அனுபவித்தது வேறு" என்று ஒன்று எழுந்து வந்தது. கருப்பட்டிக்காபி சொன்ன அதே ஆள். வாயை மூடிக்கொண்டு நாலு சட்டை மடித்தேன். ஒன்று சரியாக மடிக்கவில்லை என்று வாங்கிப் பிரித்து மறுபடி மடித்தாள்.

மச்சானுக்கு போன் பண்ணத் தைரியம் வரவில்லை. "அன்னிக்கு நான் பேசினது தப்பு மச்சான்" என்று மட்டும் வாட்ஸ்அப்பில் போட்டேன். "நீங்கள் சிரித்ததும் ஒரு காரணம்" என்று ஒரு வரி அடித்துவிட்டு அழித்தேன். இரண்டு நாள் நீல டிக்கோடு அப்படியே கிடந்தது. இன்று காலையில் பதில் வந்திருக்கிறது.

"முட்டி இப்ப எப்படி இருக்கு மாப்ள?"

இன்னும் பதில் போடவில்லை. சம்மணம் போட்டால் வலிக்கிறது என்று போடலாம் என்றிருக்கிறேன்.